ஆஸ்பெஸ்டாஸ் கூரை மாற்றும் வேலை: பாதுகாப்புக்கு யோசனை வேண்டும்
வணக்கம். திருப்பூரில் எங்கள் தையல் ஷெட்டின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கழற்றிவிட்டு மெட்டல் ஷீட் போடப் போகிறோம். உயரம் 20 அடி. "போல்ட் வரிசை மேலேயே நடந்தால் உடையாது, பெல்ட் எதுக்குங்க?" என்கிறார் மேஸ்திரி. பல வருஷம் வெயிலில் கிடந்த ஷீட்டை அப்படி நம்ப முடியாது. உடைந்தால் ஆள் நேராகத் தரையில்தான். நடைபலகை, அடியில் வலை, முழு உடல் பெல்ட் எல்லாம் வாங்கித் தரத் தயார். ஆனால் பெல்ட் கயிற்றை எதில் மாட்டுவது? கூரையைத் தாங்கும் சட்டமான ட்ரஸ்ஸே போதுமா, தனியாக லைஃப்லைன் (பெல்ட்டை மாட்டுவதற்கென்றே கட்டும் பாதுகாப்புக் கயிறு) இழுக்க வேண்டுமா?

அப்புறம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பதால் ஷீட்டை நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கச் சொல்லியிருக்கிறேன். நனைத்தால் வழுக்குமே, என்ன செய்கிறீர்கள்? கழற்றிய ஷீட்டை யாரிடம் ஒப்படைப்பது? ஐப்பசி மழைக்கு முன் முடிக்கணும். இந்த வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.