நாரிப் பக்கப் படத்தில் மணல்மணலாய் இரைச்சல்: ஜெனரேற்றரில் கேவீ விழுகிறதா?

வன்னி ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே எடுக்கும் அண்ணாமார், அக்காமாரிடம் ஓர் உதவி.

சீஆர் கசெற் (பிலிமுக்குப் பதிலாகக் கதிரைப் பதிந்து, பிறகு கருவியில் வாசித்துப் படமாக்கும் தட்டு), 8:1 கிறிட் (சிதறிய கதிரைத் தடுக்கும் தட்டி), குழாயிலிருந்து 100 செ.மீ தூரம். நாரிப் பக்கப் படத்துக்கு (இடுப்பு முள்ளந்தண்டைப் பக்கவாட்டில் எடுப்பது) 85 கேவீ (குழாயின் மின்னழுத்தம், கிலோவோல்ற்), 40 எம்ஏஎஸ் (குழாயின் மின்னோட்டமான எம்ஏயைச் செக்கனால் பெருக்கியது). மின்சபைக் கரண்டில் எஸ் எண் (கசெற்றை வாசிக்கும் கருவி காட்டும் கதிர் அளவுக் குறி) 200 அளவில் நிற்கிறது. ஜெனரேற்றருக்கு மாறினால் அதே அளவில் 500ஐத் தாண்டுகிறது. எஸ் எண் கூடினால் தட்டுக்குப் போன கதிர் குறைவு. பழைய பிலிம் என்றால் படம் வெளிறிக் காட்டிக்கொடுத்திருக்கும். சீஆரில் மென்பொருள் கறுப்பைச் சரிக்கட்டிவிடும், இரைச்சல்தான் மிஞ்சும். நெஞ்சுப் படத்தில் இது அவ்வளவு தெரியாது.

கேவீ 15 வீதம் விழுந்தாலே எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கியது போலத்தான். அதனால் சந்தேகம் மின்னழுத்தத்தில். எம்ஏஎஸ்ஸை 80 ஆக்கினால் இரைச்சல் குறைகிறது. ஆனால் 100 எம்ஏயில் அது 0.8 செக்கன், மூச்சில் படம் அசைகிறது, நோயாளிக்குக் கதிரும் இரட்டிப்பு. 98 கேவீக்கு ஏற்றினால் சிதறல் கூடி எலும்பின் விளிம்பு மங்குகிறது.

நோயாளியின் உடலுக்குப் பதிலாக, 20 செ.மீ ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்ரிக் வாளியை ஒரே அளவில் இரண்டு கரண்டிலும் எடுத்து எஸ் எண்ணை ஒப்பிட்டவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். கசெற்றை வாசிக்கும் நேரமும் ஒன்றாக இருக்கவேண்டும், தாமதித்தால் எண் மாறும். உங்கள் ஜெனரேற்றர் எத்தனை கேவீஏ (அதன் வலு), எக்ஸ்ரேக்குத் தனிக் கேபிளா, லைன் வோல்ற்றேஜ் திருத்தம் (வரும் கரண்டின் ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்டுவது) தானாகவா கையாலா என்பதும் வேண்டும்.