மூளைக்காய்ச்சலுக்கு அப்புறம் அப்பாவுக்கு புதுசா எதுவும் நினைவுல நிக்கமாட்டேங்குது

திருச்சி மகள்:
அப்பாவுக்கு 56 வயசு. நாலு மாசம் முன்னாடி ஹெர்பிஸ் வைரஸால மூளைக்காய்ச்சல், 21 நாள் அசைக்ளோவிர் ஏத்தி காப்பாத்திட்டாங்க. பழைய கதை, கடைக் கணக்கு எல்லாம் அப்படியே இருக்கு, காலைல சாப்பிட்டது மட்டும் நினைவுல நிக்கல. நேத்து தினசரி காலண்டர்ல மூணு தாள் கிழிச்சிட்டார், ஒவ்வொரு தடவையும் இன்னும் கிழிக்கலையேன்னு நினைச்சு. அம்மா சத்தம் போட்டதும் தாளை கைல வச்சுக்கிட்டு அழுதுட்டார். "என்ன சாப்பிட்டீங்க சொல்லுங்க பாப்போம்"னு தினம் கேட்டு பழக்குறோம், போன்ல மெமரி கேம் குடுக்கலாமா? சொந்தக்காரங்க வல்லாரைங்கறாங்க. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மதுரை பாலா:
நான் பேஷண்ட்டாவே சொல்றேன் சிஸ்டர், 2019ல பைக்ல விழுந்து தலைல அடி. முதல்ல அந்த கேள்விய நிறுத்துங்க. பாக்க வந்தவங்க எல்லாம் "நான் யாரு சொல்லு"ன்னு நிப்பாங்க, நான் முழிக்கும்போது அவங்க முகம் வாடும், பேரு மறந்துரும் ஆனா அந்த வலி ராத்திரி வரைக்கும் இருக்கும். "அப்பா, இட்லி சாப்டாச்சு, இப்ப மாத்திரை"ன்னு நீங்களே சொல்லிடுங்க. கேம் ஆறு மாசம் ஆடினேன், ஸ்கோர் ஏறுச்சு, அடுப்புல பால் பொங்குறது நிக்கல. கைகுடுத்தது போன் அலாரம்தான், வெறும் மணி அடிச்சா எதுக்குன்னே தெரியாது, "பிட்ஸ் மாத்திரை, நீல டப்பா, ஃப்ரிட்ஜ் மேல"ன்னு எழுத்தா வரணும். கூடவே சட்டைப்பைல ஒரு நோட்டு.

கோவை தெரபிஸ்ட்:
பாலா சொல்றது சரி. யோசிச்சு சொல்லுங்கன்னு விட்டா தப்பான பதில்தான் பதியும், தப்பா சொன்னதே அவருக்கு நினைவிருக்காது, அப்புறம் எப்படி திருத்திக்குவார்? ஒரே ஒரு விஷயம் எடுங்க. "நோட்டு சட்டைப்பைல இருக்கு"ன்னு நீங்க சொல்லிட்டு 30 செகண்ட் கழிச்சு கேளுங்க, அப்புறம் 1 நிமிஷம், 2, 4ன்னு தள்ளிட்டே போங்க, தடுமாறினா உடனே சொல்லிக்குடுத்துட்டு முந்தின இடைவெளிக்கே வந்துருங்க. இங்கிலாந்துல பார்பரா வில்சன்னு ஒரு நரம்பு உளவியல் நிபுணரோட குழு, மூளை பாதிப்பால மறதி வந்த 143 பேரை வச்சு, பேஜர்ல நினைவூட்டல் அனுப்பி சோதிச்சாங்க, 2001ல ரிசல்ட் வந்துச்சு, கடைசிவரை இருந்தவங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல பலன் தெரிஞ்சுது. இப்ப அந்த வேலைய போனே செய்யும். வல்லாரை டாக்டர கேக்காம வேணாம்மா, பிட்ஸ் மாத்திரை ஓடுதுன்னா கண்டிப்பா வேணாம்.

திருச்சி மகள் (மூணு வாரம் கழிச்சு):
காலண்டரை கழட்டிரலாம்னு அம்மா சொன்னாங்க, நான் விடல, அது அவரோட 30 வருஷ பழக்கம். காலைல 6:30க்கு அலாரம், கிழிச்ச தாளை நோட்டுல அன்னைய பக்கத்துல ஒட்டணும், அவ்ளோதான். ரெண்டு வாரம் நான் கூடவே நின்னேன். நேத்து மறுபடி காலண்டர்கிட்ட போனவர், கைய நீட்டிட்டு, யாரும் சொல்லாம சட்டைப்பைய தொட்டு நோட்டை எடுத்துப் பாத்தார். பசை இன்னும் காயல. அப்படியே வந்து உக்காந்துட்டார். பாலா அண்ணா, நீங்க எத்தனை மாசத்துல மறுபடி வேலைக்கு போனீங்க? கடைக்கு போகணும்னு கேட்டுட்டே இருக்கார்.