சேம்அஸ் போட்டதும் ஃபுசெகி சர்வர் விழுகிறது

வணக்கம். தாமிரபரணி கால்வாய், குளத் தரவுகளை மூன்று மூலங்களிலிருந்து ஒரே மிடில்வேரில் (இடைநிலை மென்பொருளில்) இணைக்கிறோம். இடம் பாளையங்கோட்டை. அப்பாச்சி ஜெனா ஃபுசெகி 4 (இணைப்புத் தரவுக்கான சர்வர்), அதன் சேமிப்பகமான டிடிபி2, உபுண்டு 22.04, ரேம் 16 ஜிபி, சுமார் 40 லட்சம் டிரிபிள் (பொருள்-பண்பு-மதிப்பு என்ற மூன்று பகுதித் தகவல்).

ஒரே குளத்துக்கு மூன்று மூலங்களும் தரும் மூன்று ஐஆர்ஐ-களை (இணைய முகவரி போன்ற அடையாளங்களை) சேம்அஸ் (‘இரண்டும் ஒன்றே’ என்னும் தொடர்பு) மூலம் இணைத்து, விதிகளைக் கொண்டு புதிய தகவலை ஊகிக்கும் ஓடபிள்யூஎல் ரீசனரை இயக்கினால், சில நிமிடங்களில் ஹீப் (ஜாவாவுக்கு ஒதுக்கிய நினைவகம்) நிறைந்து விழுகிறது. ரீசனர் இல்லாமல் அதே ஸ்பார்கில் (இந்தத் தரவைத் தேடும் மொழி) கேள்விக்கு 2 வினாடி. பத்து நாளாக இதே கதை.

ஹீப்பை 4-லிருந்து 12 ஜிபி ஆக்கினோம். கொஞ்சம் தாமதமாக விழுந்தது, அவ்வளவுதான். டிடிபி2 கோப்புகளை ஹீப்புக்கு வெளியே உள்ள ரேமில் மேப் செய்வதால், அதற்கு இடம் குறைந்து மற்ற கேள்விகளும் மந்தமாகிவிட்டன. ஜெனாவின் இலகுவான ரீசனரான ஓடபிள்யூஎல் மைக்ரோ ஓடுகிறது, ஆனால் அதில் சேம்அஸ் விதிகளே இல்லை. சேம்அஸ் இணைப்புகளைக் குளம், கால்வாய்ப் பெயரை வைத்து உருவாக்கியதில் கோடகன் கால்வாய் மட்டும் சிக்கவில்லை: ஒரு கோப்பில் ‘கோ’வின் துணைக்குறி ஒரே குறியீடு, இன்னொன்றில் இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனி. கண்ணுக்கு ஒன்றுதான், ஸ்பார்கிலுக்கு வேறு. என்எஃப்சி (யூனிகோட் குறியீடுகளை ஒரே வடிவாக்குவது) செய்ததும் அது சரியானது.

ரீசனரை விட்டுவிட்டு, தரவை ஏற்றும்போதே குளத்துக்கு ஒரு தலைமை ஐஆர்ஐ வைத்து மற்றவற்றை மாற்றி எழுதினால், எந்தத் தகவல் எந்த மூலத்தினுடையது என்பதை நேம்டு கிராஃபை (மூலவாரியாகப் பெயரிட்டுப் பிரித்த தரவுத் தொகுப்பை) மட்டும் வைத்துக் காப்பாற்ற முடியுமா?