புது போன்: திரை அணைந்தால் மெசேஜ் வருவதில்லை, அவசர உதவி

நீலவானம்:
போன வாரம்தான் புது போனுக்கு மாறினேன். திரை பளிச்சென்று இருக்கிறது, எதைத் தொட்டாலும் உடனே திறக்கிறது, கேமராவும் பரவாயில்லை. கொஞ்சம் கனம், அது பழகிவிடும். ஆனால் முக்கியமான வேலையைச் செய்யமாட்டேன் என்கிறது. போனைப் பூட்டி மேஜையில் வைத்துவிட்டால் ஒரு மெசேஜும் வருவதில்லை. எடுத்துத் திறந்ததும் எல்லாம் மொத்தமாகக் கொட்டுகிறது. நோட்டிபிகேஷன் எல்லாம் ஆனில்தான் இருக்கிறது. ரீஸ்டார்ட்டும் செய்து பார்த்துவிட்டேன். பழைய போனில் இந்தத் தொல்லையே கிடையாது. வேலை விஷயமாக வருகிற மெசேஜ்கள், தாமதமானால் திட்டு வாங்குவது நான். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

திருகாணி:
சொல்கிறோம், ஆனால் விவரம் வேண்டும். ஆண்ட்ராய்டா ஐபோனா? எந்த பிராண்ட், எந்த வெர்ஷன்? மெசேஜ் என்றால் எஸ்எம்எஸ்ஸா, சாட் ஆப்பா, மெயிலா? வைஃபையில் மட்டுமா, டேட்டாவிலுமா?

மின்மினி:
டூ நாட் டிஸ்டர்ப் ஆனில் இருக்கிறதா பாருங்கள். தூங்கும் நேரத்துக்கு என்று ஒரு மோட் இருக்கும், முதல் தடவை போனைத் தயார் செய்யும்போது அது கேட்கிற கேள்விக்கெல்லாம் ஓகே, ஓகே என்று தட்டிக்கொண்டே போனால் அதுவும் ஆன் ஆகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

இரவுக்கழுகு:
இதே கேள்விக்கு இங்கே எத்தனை இழைகள் இருக்கின்றன என்று எண்ண ஆரம்பித்தால் விடிந்துவிடும். மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, அதை அழகுக்கு வைக்கவில்லை. காரணம் பேட்டரி ஆப்டிமைசேஷன். 2015இல் ஆண்ட்ராய்டு 6 வந்ததிலிருந்து டோஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. போன் அசையாமல், திரை அணைந்து கிடந்தால் பின்னணியில் ஓடும் ஆப்களைத் தூங்கவைக்கும். 2018இல் ஆண்ட்ராய்டு 9இல் அடாப்டிவ் பேட்டரி வந்து அதை இன்னும் இறுக்கியது. ஆப் விவரத்துக்குப் போய், பேட்டரி பகுதியில் கட்டுப்பாடு எதுவும் வேண்டாம் என்று மாற்றுங்கள். இழையை மூடலாம்.

பழையபெட்டி:
தம்பி, புது போனை வாங்கியதும் எட்டு மணி நேரம் அணைத்துவைத்து சார்ஜ் போட்டீர்களா? யாரும் போடுவதில்லை. பேட்டரி பழகாததால் போன் தன்னைத்தானே சிக்கனமாக நடத்திக்கொள்கிறது, மெசேஜைத் தடுப்பதும் அதனால்தான். ஒரு தடவை பூஜ்யம் வரை இறக்கி, நூறு வரை ஏற்றிப் பாருங்கள்.

சுழியன்:
பழையபெட்டி அண்ணா, அந்த எட்டு மணி நேரக் கணக்கு நிக்கல் பேட்டரி காலத்தோடு போய்விட்டது. இப்போது போன்களில் இருப்பது லித்தியம் அயான் வகை. அதற்குப் பழக்குவது என்று எதுவும் கிடையாது. பூஜ்யம் வரை இறக்குவதால் பேட்டரிக்குத்தான் சிரமம். அதற்கும் மெசேஜுக்கும் என்ன சம்பந்தம் என்பதும் புரியவில்லை.

நீலவானம்:
ஆண்ட்ராய்டு 15. பிராண்ட் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த நிமிடமே அதை வைத்துச் சண்டை ஆரம்பித்துவிடும். டூ நாட் டிஸ்டர்ப் ஆஃப். இரவுக்கழுகு சொன்ன கட்டுப்பாட்டை முதல் நாளே எடுத்துவிட்டேன், பலன் இல்லை. சார்ஜ் எல்லாம் சரியாக நிற்கிறது.

திருகாணி:
மற்ற கேள்விகளுக்கும் பதில் சொன்னால் நன்றாக இருக்கும். எஸ்எம்எஸ் வருகிறதா? சாதாரண அழைப்பு வருகிறதா?

இரவுக்கழுகு:
பிராண்டைச் சொல்லாமல் உதவி கேட்பது நோயைச் சொல்லாமல் மருந்து கேட்பது போல. ஆண்ட்ராய்டின் கட்டுப்பாட்டுக்கு மேலே ஒவ்வொரு கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு கட்டுப்பாட்டை வைக்கிறது. ஆப் தானாக எழுந்து ஓடலாமா என்று தீர்மானிக்கும் ஆட்டோ ஸ்டார்ட் என்று ஒன்று, பின்னணி ஆப்களைத் தூங்கவைக்கும் பட்டியல் என்று ஒன்று. இதற்காகவே டோன்ட் கில் மை ஆப் என்று ஒரு தளம் இருக்கிறது, பிராண்ட் வாரியாக எதை எங்கே மாற்ற வேண்டும் என்று போட்டிருப்பார்கள். படித்துவிட்டு வரலாம், கேட்டுவிட்டுப் படிக்கத் தேவையில்லை.

பழையபெட்டி:
சுழியன், நீங்கள் சொல்கிற லித்தியம் பேட்டரி நேற்று வந்ததா? நான் அந்தக் காலத்திலிருந்தே எல்லா போனையும் முழுதாக இறக்கி ஏற்றித்தான் பயன்படுத்துகிறேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சதவீதமும் துல்லியமாகக் காட்டும்.

சுழியன்:
நேற்று வரவில்லை, 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019இல் அதற்கு வேதியியல் நோபலே கொடுத்துவிட்டார்கள். சதவீதம் துல்லியமாகும் என்பதில் மட்டும் உங்கள் பக்கம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பேட்டரியில் எவ்வளவு மீதி என்பதை போன் நேரடியாகப் பார்க்க முடியாது, கணக்குப் போட்டுத்தான் காட்டுகிறது. அந்தக் கணக்கு நாளாக நாளாக விலகும். எப்போதாவது ஒரு தடவை முழுதாக இறக்கி ஏற்றினால் கணக்கு சரியாகும். சரியாவது மீட்டர்தான், பேட்டரிக்கு அதனால் ஆயுள் கூடாது.

நீலவானம்:
எஸ்எம்எஸ் உடனே வருகிறது. போன் அழைப்பும் வருகிறது. சாட் ஆப் இரண்டு, மெயில், மூன்றிலும் இதே கதை. சாட் ஆப் வழியாக வரும் அழைப்பும் அடிப்பதில்லை, திறந்தால் தவறிய அழைப்பு என்று காட்டுகிறது. வைஃபை, டேட்டா இரண்டிலும் இப்படித்தான்.

திருகாணி:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி தூரம் வந்திருப்போம். எஸ்எம்எஸ்ஸும் சாதாரண அழைப்பும் நெட்வொர்க் கம்பெனி வழியாக வருகின்றன, அவற்றுக்கு உங்கள் இணைய இணைப்பு தேவையில்லை. வராமல் போகிற மூன்றும் இணையத்தை நம்பியவை.

இன்னொரு விஷயம். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு சாட் ஆப்பும் தனித்தனியாக விழித்திருந்து மெசேஜுக்காகக் காத்திருப்பதில்லை. கூகுள் சர்வரோடு போன் ஒரே ஒரு இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும், பெரும்பாலும் 5228ஆம் போர்ட் என்ற எண்ணிட்ட வாசல் வழியாக. அநேகமாக எல்லா ஆப்புக்கும் தகவல் அந்த ஒரே பாதையில்தான் வருகிறது. ஒரு ஆப் மட்டும் ஊமையாக இருந்தால் அந்த ஆப்பின் செட்டிங்கைச் சந்தேகப்படலாம். எல்லாம் சேர்ந்து ஊமையானால் பாதையைச் சந்தேகப்பட வேண்டும்.

டோஸ் இதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. சாட் மெசேஜையும் அழைப்பையும் அவசரம் என்று குறித்து அனுப்புவார்கள், அப்படிக் குறித்தவை டோஸில் கிடக்கிற போனையும் எழுப்பும். அதற்காகவே அந்த வசதி.

ஆகவே கேள்வி: விபிஎன், அதாவது போனின் இணையப் போக்குவரத்தையெல்லாம் தன் வழியாகத் திருப்பும் ஆப், ஏதாவது ஓடுகிறதா? பின்னணி ஆப்கள் டேட்டாவைச் செலவழிக்காமல் தடுக்கும் டேட்டா சேவர்? தளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் சர்வரை நாமே தேர்ந்தெடுக்கும் பிரைவேட் டிஎன்எஸ்? திரையின் மேல் விளிம்பில் சின்னதாகச் சாவிப் படம் தெரிகிறதா?

இரவுக்கழுகு:
டோஸ் காரணமில்லை என்று இவ்வளவு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எத்தனை போனைக் கையாண்டிருக்கிறீர்கள்? கம்பெனிகள் சேர்க்கும் கட்டுப்பாடு எந்த அவசரக் குறியையும் மதிக்காது. ஆப்பையே கொன்றுவிட்டால் தகவல் யாருக்கு வரும்?

திருகாணி:
அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு சாட் ஆப்பையும் மெயிலையும் ஒரே மாதிரி கொல்ல வேண்டும், அதிலும் கட்டுப்பாட்டை எடுத்த பிறகும். சாவிப் படம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும், முதலில் அதைப் பார்ப்போம்.

மின்மினி:
இடையில் ஒரு கேள்வி. எனக்கும் புது போன்தான். முதல் சில நாள் கை சுடுகிற அளவுக்குச் சூடானது, சார்ஜும் மடமடவென்று இறங்கியது. திரை நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கிறது என்பதை 120 ஹெர்ட்ஸிலிருந்து 60க்கு இறக்கினேன், சரியாகிவிட்டது. நீலவானமும் அதைச் செய்யலாமே?

சுழியன்:
அது தானாகவே சரியாகியிருக்கும். புது போன் முதல் சில நாள் பின்னணியில் நிறைய வேலை செய்யும். பழைய போனிலிருந்து வந்த படங்களையெல்லாம் பிரித்து அடுக்கும், முகம் தேடும், ஆப்களை அந்தப் போனுக்கு ஏற்ற மாதிரி தயார்செய்து வைக்கும். அந்த நேரத்தில் எதை மாற்றியிருந்தாலும் அதுதான் சரிசெய்தது என்று தோன்றும். மறுபடி 120க்கு ஏற்றிப் பாருங்கள். எல்டிபிஓ வகைத் திரை என்றால் படம் அசையாதபோது தானே 1 ஹெர்ட்ஸ் வரைகூட இறங்கும்.

மின்மினி:
ஏற்றமாட்டேன். 60தான் கண்ணுக்கு இதம்.

பழையபெட்டி:
இப்போது எல்லோரும் 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்து என்கிறார்கள். முழு பேட்டரிக்குக் காசு கொடுத்துவிட்டு ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருக்க வேண்டுமாம். இது எந்த ஊர் நியாயம்?

சுழியன்:
யாரும் கட்டாயப்படுத்தவில்லை அண்ணா. லித்தியம் பேட்டரி முழு வோல்டேஜில், அதுவும் சூட்டில், நீண்ட நேரம் கிடந்தால் வேகமாக முதுமை அடையும். ராத்திரி முழுக்க நூறில் வைத்திருப்பதைத் தவிர்க்கத்தான் அந்த 80. வெளியே போகிற நாளில் தாராளமாக நூறு ஏற்றுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி அமலில் இருக்கிறது. அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் போனின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தாங்க வேண்டும். சுற்று என்பது செருகிய எண்ணிக்கை கிடையாது, இன்று பாதியும் நாளை பாதியும் செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று.

பழையபெட்டி:
800 சுற்று தாங்கும் என்றால் நான் எதற்கு 80இல் நிறுத்த வேண்டும்? நீங்களே உங்கள் வாதத்தை உடைத்துவிட்டீர்கள்.

திருகாணி:
பேட்டரிக்கு ஒரு தனி இழை திறந்துகொள்ளுங்களேன்.

நீலவானம்:
விபிஎன் எல்லாம் என்னிடம் கிடையாது. ஆனால் சாவிப் படம் தெரிகிறது. போன் திறந்திருக்கும்போது மட்டும். விளம்பரம் வராமல் இருக்க ஒரு ஆப் வைத்திருக்கிறேன், பழைய போனில் எப்படி வைத்திருந்தேனோ அப்படியே இதிலும் செட் செய்தேன். அதுவா?

திருகாணி:
அதுவாகத்தான் இருக்கும். ரூட் செய்யாத, அதாவது சிஸ்டத்தின் முழு அதிகாரத்தைத் திறக்காத போனில் எல்லா ஆப்பின் விளம்பரத்தையும் தடுக்கும் ஆப்கள் பெரும்பாலும் விபிஎன் போலத்தான் வேலை செய்கின்றன. தகவல் வெளியே எங்கும் போவதில்லை, போனுக்குள்ளேயே ஒரு வடிகட்டி. ஆனால் ஆண்ட்ராய்டுக்கு அது விபிஎன்தான், சாவிப் படம் அதனால்தான் வருகிறது.

நடப்பது இப்படி இருக்கலாம். நீங்கள் சாட் ஆப்களுக்குக் கட்டுப்பாட்டை எடுத்தீர்கள், தடுப்பி ஆப்புக்கு எடுக்கவில்லை. பூட்டிய கொஞ்ச நேரத்தில் போன் அந்தத் தடுப்பியைக் கொன்றுவிடுகிறது. விபிஎன் செட்டிங்கில், அந்த ஆப்பின் பக்கத்தில் உள்ள பற்சக்கரத்தைத் தொட்டால் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று, எப்போதும் இயங்கு. இன்னொன்று, விபிஎன் இல்லாவிட்டால் எந்த இணைப்பையும் விடாதே. இரண்டாவது ஆனில் இருந்தால், தடுப்பி செத்த நேரத்தில் போனுக்கு இணையமே கிடையாது. திறந்ததும் தடுப்பி உயிர்பெறுகிறது, கூடவே எல்லா மெசேஜும்.

இரண்டாவது பொத்தானை மட்டும் அணைத்துவிட்டு, போனைப் பூட்டி வைத்து, வேறொரு போனிலிருந்து மெசேஜ் அனுப்பிப் பாருங்கள். வேறு எதையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.

விளம்பரத் தடுப்பு வேண்டும் என்றால் பிரைவேட் டிஎன்எஸ் போதும். ஆண்ட்ராய்டு 9 முதல் உண்டு. விளம்பரங்களை வடிகட்டும் ஒரு டிஎன்எஸ் முகவரியைப் போட்டுவிட்டால் பின்னணியில் எந்த ஆப்பும் விழித்திருக்க வேண்டியதில்லை. சில விளம்பரங்கள் தப்பி வரும், அவ்வளவுதான்.

இரவுக்கழுகு:
ஆக, போன் பின்னணி ஆப்பைக் கொல்கிறது. இதைத்தானே நான் முதல் பதிலிலேயே சொன்னேன்?

சுழியன்:
நீங்கள் சொன்னது சாட் ஆப்பை.

இரவுக்கழுகு:
கொள்கை ஒன்றுதான். எந்த ஆப் என்பது அவரவர் வீட்டுப்பாடம்.

நீலவானம்:
தடுப்பியை நீக்கிவிட்டேன். ஆட்டோ ஸ்டார்ட்டும் ஆன் செய்தேன், சாஃப்ட்வேர் அப்டேட் ஒன்று காத்திருந்தது, அதையும் போட்டேன், நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்தேன். இப்போது மெசேஜ் உடனே வருகிறது. எல்லோருக்கும் நன்றி.

திருகாணி:
நல்லது. ஆனால் நான்கையும் ஒரே மூச்சில் செய்துவிட்டீர்கள். எது சரிசெய்தது என்று தெரிந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும். நேரம் கிடைக்கும்போது தடுப்பியைத் திரும்பப் போட்டு, அந்த இரண்டாவது பொத்தானை மட்டும் ஆன் செய்து பார்க்க முடியுமா?

இரவுக்கழுகு:
ஆட்டோ ஸ்டார்ட்.

பழையபெட்டி:
அப்டேட் போட்டபோது போன் முழுதாக சார்ஜில் இருந்திருக்கும். நான் எதையும் சொல்லவில்லை.

திருகாணி:
நீலவானம், இருக்கிறீர்களா?

பாக்குமரம்:
பழைய இழையைத் தோண்டுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் அச்சு அசலாக இதே பிரச்சினை, புது போன்தான். எஸ்எம்எஸ் வருகிறது, மற்றவை வருவதில்லை. என்னிடம் விளம்பரத் தடுப்பியும் இல்லை, சாவிப் படமும் இல்லை. கடைசியில் எதுதான் சரிசெய்தது? ஒரு தடவை பேட்டரியை முழுதாக இறக்கிப் பார்க்கட்டுமா?

திருகாணி:
இறக்க வேண்டாம். பூட்டியபோது வைஃபையில் இருக்கிறீர்களா, டேட்டாவிலா? டேட்டாவில் மட்டும் நின்று போகிறது என்றால் முதலில் டேட்டா சேவரைப் பாருங்கள். இரண்டிலும் நின்று போகிறது என்றால் பேட்டரி சேவர் தானாக ஆன் ஆகிறதா என்று பாருங்கள். பிராண்டையும் வெர்ஷனையும் சொல்லுங்கள்.

பாக்குமரம்:
வைஃபைதான். பிராண்ட் எதற்கு?