புதுப்பிப்பு: யூஎஸ்பி டாக்கில் பாட்டின் முதல் சொல் காணாமல் போனது – தீர்ந்தது

லினக்ஸில் யூஎஸ்பி டாக் (டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றும் DAC கருவி) வழியாகப் பாட்டுப் போட்டால் முதல் சொல் கேட்பதில்லை, நடுநடுவே கரகரப்பு வேறு என்று எழுதியிருந்தேன். இரண்டும் தனித்தனிக் கோளாறு.

சத்தமில்லாமல் 5 நொடி போனாலே வயர்பிளம்பர் (லினக்ஸில் ஒலிக் கருவிகளை நிர்வகிக்கும் மென்பொருள்) டாக்கைத் தூங்கவைத்துவிடுகிறது. மறுபடி விழிக்கும்போது உள்ளே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) 'டிக்' என்கும். அதற்குள் பல்லவி தொடங்கிவிடும். வயர்பிளம்பர் அமைப்பில் 'செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ்' மதிப்பை 0 ஆக்கினேன் (தூங்கவே வைக்காதே என்று பொருள்), சரியாகிவிட்டது.

கரகரப்புக்குக் காரணம், டாக்கைச் செருகியிருந்த யூஎஸ்பி ஹப். பென் டிரைவில் பழுதான பாக்கெட் (தரவுத் துண்டு) திரும்ப வரும்; ஒலி போகும் ஐசோக்ரோனஸ் முறையில் போனது போனதுதான். மதர்போர்டின் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகியதும் நின்றது.

டிரைவரை மறுபடி நிறுவச் சொன்னவர்களுக்கு: அது லினக்ஸின் மையப்பகுதியான கர்னலோடே வருவது, தனியாக நிறுவ ஒன்றுமில்லை. மைக்கை இன்னும் சோதிக்கவில்லை.