கோப்பை கழுவிய இடத்தில் அறிமுகமான வைன்

1991இல் சுவிஸுக்கு வந்தேன். வலே மாநிலத்தில் சியோன் நகருக்கு அருகே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. ஃபாந்தான் என்ற வெள்ளை வைனை நான் முதலில் கண்டது அங்கே, அடுப்படியில். உருக்கிய சீஸில் ரொட்டியைத் தோய்த்துத் தின்னும் ஃபோண்டு செய்வதற்காகப் போத்தல்கள் வரிசையாக நிற்கும். எண்ணெய், உப்பு போல அதுவும் ஒரு சமையல் சாமான் என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டாவது குளிர்காலத்தில், ஆள் பற்றாத ஓர் இரவு, சீஸ் உருக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய வைனைச் சட்டியில் ஊற்றி வீணாக்குவானேன் என்று சிக்கனம் பார்த்துத் தண்ணீர் ஊற்றினேன். சீஸ் திரண்டு ரப்பர் பந்தாகிவிட்டது. மேலே எண்ணெய் மிதந்தது. தலைமைச் சமையல்காரர் திட்டவில்லை. அரை எலுமிச்சையைப் பிழிந்து, சிறிது வைன் விட்டு, மரக்கரண்டியால் விடாமல் அடித்தார். பந்து இளகிக் குழம்பாகிவிட்டது. சீஸின் புரதத்தைக் கல்சியம் பிடித்து வைத்திருக்கிறது, வைனின் புளிப்பு அந்தப் பிடியைத் தளர்த்துகிறது என்று பிறகு விளக்கினார். ஆளுக்கு 200 கிராம் சீஸ், ஒரு டெசிலீற்றர் (100 மில்லிலீற்றர்) வைன். அந்தக் கணக்கு இன்றும் மனப்பாடம்.

குடித்துப் பார்த்தது அடுத்த இலையுதிர்காலத்தில். ஓய்வு நாட்களில் திராட்சை வெட்டப் போவேன். எங்கள் ஊர் திராட்சைப் பந்தலை நினைத்துக்கொண்டு போனவனுக்கு அந்த மலைச்சரிவு பேரதிர்ச்சி. காரை பூசாத கல்மதில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும்; ஒவ்வொன்றுக்கும் மேலே சில வரிசைக் கொடிகள். சியோனில் ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர்தான். பனியும் பனிப்பாறையும் உருகி வரும் நீரை, 'பிஸ்' எனப்படும் பழைய வாய்க்கால்கள் மலையோரமாகவே கொண்டுவருகின்றன.

தோட்டக்காரர் ஒரு பழத்தை விரல்களுக்கிடையில் நசுக்கிக் காட்டினார். சாறு பீச்சியடிக்கவில்லை, பழம் இரண்டாகப் பிளந்தது. பிளப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்துதான் ஃபாந்தான் என்ற பெயராம். அந்தத் திராட்சை இனத்தின் பொதுப்பெயர் ஷாஸ்லா.

காலை பத்து மணிக்கு ரை ரொட்டியும், உப்பிட்டுக் காயவைத்த இறைச்சிச் சீவலும், ஒரு சின்னக் கிளாஸும் வந்தன. ஒரு வாய் குடித்தேன். இனிப்பும் இல்லை, வாசமும் இல்லை. விடியற்காலைப் பனங்கள்ளில் இருக்குமே, நாக்கில் மெல்லிய சுரீர், அது மட்டும் இருந்தது. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தவர் இறைச்சியை முதலில் கடிக்கச் சொன்னார். உப்புக்குப் பின்னால் அதே வைன் வேறொன்றாக இருந்தது. வெறும் சோற்றை ஒரு கவளம் உண்டுவிட்டு ருசியில்லை என்று எழுந்து போனவனின் தப்பைத்தான் நான் செய்திருக்கிறேன்.

கெட்டிக்கார வைன் வேண்டுமானால் அதே வலேயில் பெத்தீத் ஆர்வீன் இருக்கிறது. கடைசியில் நாக்கில் உப்புத் தட்டும். எல்லாரும் அதைத்தான் மெச்சுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் தன்னைக் காட்டிக்கொள்ளும் ரகம். சப்பென்ற ஃபாந்தானும் கடைகளில் ஏராளம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். வெளிநாட்டில் தேடினால் இரண்டுமே அரிதாகத்தான் அகப்படும். சுவிஸ் வைனில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே நாட்டைவிட்டு வெளியேறுகிறது, மிச்சத்தை இவர்களே குடித்துவிடுகிறார்கள்.

*

அண்ணா, நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கு ஃபாந்தான் இன்னும் பிடிபடவில்லை. அதே வலேயில் ஃபிஸ்ப் நகரிலிருந்து பஸ் ஏறி ஃபிஸ்பர்டெர்மினன் போயிருக்கிறீர்களா? ஐரோப்பாவின் மிக உயரமான திராட்சைத் தோட்டங்களில் அதுவும் ஒன்று. சுமார் 1,150 மீட்டர் வரை கொடிகள் ஏறுகின்றன. அங்கே ஹைடா என்ற வைன் செய்கிறார்கள். பிரான்சின் ஜூரா பக்கத்தில் சவன்யான் என்பார்களே, அதே திராட்சை. அதைக் குடிக்க ஒரு துணையும் தேவைப்படவில்லை. இறங்கும்போது கடைசி பஸ்ஸைத் தவறவிட்டதற்கு ஹைடாதான் காரணம் என்று வீட்டில் நான் சொல்லவில்லை.

*

நான் சென்னையிலிருந்து சுற்றுலா போனவள், மது தொடுவதில்லை. ஃபோண்டுவோடு குடிக்கத் தண்ணீர் கேட்டபோது பரிமாறியவர் பதறிவிட்டார். வயிற்றில் சீஸ் கல்லாகிவிடுமாம். வெள்ளை ஒயின் அல்லது சூடான கறுப்புத் தேநீர்தான் கூடும் என்றார். தேநீர் குடித்தேன். ஊர் திரும்பியபின் தேடினால், சூரிச்சில் 20 பேரை வைத்து இதையே சோதித்து 2010இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். தேநீர் குடித்தவர்களைவிட ஒயின் குடித்தவர்களின் வயிறு காலியாகத்தான் அதிக நேரம் பிடித்ததாம். பதறியவருக்கு அதை அனுப்பி வைக்க ஆசை.

*

தங்கச்சி, கோப்பை கழுவியவன்தான் பதில் எழுதுகிறேன். தேநீர் குடித்தது சரி. ஆனால் சட்டிக்குள் ஆளுக்கு ஒரு டெசிலீற்றர் வெள்ளை வைன் போயிருக்கும். ஆவியானது போக மிச்சம் உங்கள் வயிற்றில்தான். அடுத்த முறை முன்கூட்டியே சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அப்பிள் சாறும் எலுமிச்சையும் விட்டும் செய்யலாம், திரளாது.