ஏற்காடு அறைப் பதிவுத் தளம்: டெஸ்ட் வேகத்துக்கு வொர்க்கரைக் கூட்டணுமா, வேலையைக் குறைக்கணுமா?

(பேசறது மூணு பேர்; ஊர்ப் பேர்தான் அவங்க பேர்.)

அஸ்தம்பட்டி: ஏற்காடு காட்டேஜ் பதிவுத் தளம், பிளேரைட்ல (பிரவுசரைத் தானா இயக்கிச் சோதிக்கிற கருவி) 150 டெஸ்ட், சிஐல (கோடு மாறும்போதெல்லாம் டெஸ்டை ஓட்டுற அமைப்பு) இழுத்துக்கிட்டே கிடக்கு. வொர்க்கரை (ஒரே நேரத்துல டெஸ்ட் ஓட்டுற தனித்தனி புராசஸ்) கூட்டினாப் போதும்ங்கிறேன். பிளேரைட் தானா எடுத்துக்கிற வொர்க்கர் எண்ணிக்கை சிபியு கோர்ல பாதிதான். ஒரே ஃபைலுக்குள்ள இருக்கிற டெஸ்ட் வரிசையாத்தான் ஓடும். அதையும் இணையா ஓட்டுற ஃபுல்லிபேரலலை ஆன் பண்ணி, மொத்த டெஸ்டையும் 4 ஷார்டா (பங்கா) 4 மெஷின்ல விடுங்க.

சேர்வராயன்மலை: பத்தாதுங்க. ஒவ்வொரு டெஸ்டும் லாகின் ஃபார்மை நிரப்புது. தடவைக்கு 4 விநாடின்னு வச்சாலும் மொத்தம் 10 நிமிஷம். பிரிச்சு ஓட்டினாலும் அத்தனைக்கும் மெஷின் வாடகை உண்டு. செட்டப் புராஜெக்ட்ல (மத்த டெஸ்டுக்கு முன்னாடி ஓடுறது) ஒரே லாகின், அதை ஸ்டோரேஜ்ஸ்டேட்டா (குக்கி, லோக்கல்ஸ்டோரேஜ் அடங்கின பதிவு) சேமிச்சு எல்லாத்துக்கும் கொடுங்க. லாகின் டோக்கன், டேப்பை மூடினா அழியிற செஷன்ஸ்டோரேஜ்ல இருந்தா மட்டும் அதுல வராது, தனியா ஏத்தணும்.

ஐந்துரோடு: வெயிட்ஃபார்டைம்அவுட் 3000-ஐயும் (3000 மில்லிவிநாடி சும்மா நிக்கச் சொல்ற வரி) தூக்குங்க. பக்கம் அரை விநாடியில வந்தாலும் அது 3 விநாடி நிக்கும். 4 விநாடி ஆனா டெஸ்ட் விழவும் செய்யலாம். சர்வர் பதிலுக்குக் காத்திருக்கிற வெயிட்ஃபார்ரெஸ்பான்ஸ் போடுங்க, ஆனா கிளிக்குக்கு முன்னாடி, அவெயிட் (அந்த வரியிலயே நின்னு காத்திருக்கச் சொல்றது) இல்லாம; அவெயிட் கிளிக்குக்கு அப்புறம். வெயிட்ஃபார்ரெஸ்பான்ஸையே கிளிக்குக்கு அப்புறம் போட்டா பதில் வந்து போயிருக்கலாம், அப்போ டைம்அவுட் வரைக்கும் தொங்கும்.

அஸ்தம்பட்டி: லாகின் சரி. பதிவையும் திரையைத் தொடாம ஏபிஐ வழியா (சர்வருக்கு நேரடிக் கோரிக்கை) உருவாக்கச் சொல்றவங்க இருக்காங்க, அதை ஒத்துக்க மாட்டேன். வாடிக்கையாளர் அமுக்கற பட்டனை யார் சோதிக்கிறது?

சேர்வராயன்மலை: பதிவு டெஸ்ட் பட்டனை அமுக்கட்டும். ரத்து டெஸ்டுக்குப் பதிவுங்கிறது முன்தயாரிப்பு மட்டும்தானே, அதுக்கு எதுக்கு அஞ்சு திரை? வொர்க்கரைக் கூட்டினா வர்ற பெரிய வம்பு வேற: மே மாசக் கோடை விழாச் சனிக்கிழமைக்கு ரெண்டு வொர்க்கர் ஒரே காட்டேஜைப் பிடிக்கும். ஒண்ணுக்கு "அறை இல்லை"ன்னு வரும். தளத்துல தப்பே இல்ல, ஆனா டெஸ்ட் சிவப்பு. விழுந்ததைத் திரும்ப ஓட்டுற ரீட்ரைல பச்சையாகும், யாரும் பார்க்க மாட்டாங்க.

அஸ்தம்பட்டி: வொர்க்கருக்கு ஒரு காட்டேஜ் ஒதுக்கினா தீர்ந்துச்சு. பேரலல்இண்டெக்ஸை (ஒரே நேரத்துல ஓடுற வொர்க்கர்ல இது எத்தனாவதுங்கிற எண்) வச்சு ஒதுக்கணும். வொர்க்கர்இண்டெக்ஸ் (ஒவ்வொரு புது வொர்க்கருக்கும் வர்ற புது எண்) வேண்டாம், டெஸ்ட் விழுந்தா பிளேரைட் அந்த வொர்க்கரை மூடிட்டுப் புதுசு திறக்கும், எண் ஏறிடும், ஒதுக்காத காட்டேஜைத் தேடும்.

சேர்வராயன்மலை: ஒரு மெஷின்ல சரி. ஷார்டு ஒவ்வொண்ணுலயும் பேரலல்இண்டெக்ஸ் 0-லதான் தொடங்கும். நாலு மெஷினும் ஒரே டேட்டாபேஸைத் தொட்டா அதே அடிதடிதான்.

அஸ்தம்பட்டி: அப்போ ஷார்டுக்கு ஒரு போஸ்ட்கிரெஸ் கன்டெய்னர் (தனியா ஓடுற டேட்டாபேஸ்), அதுக்குள்ள விதைத் தரவு (டெஸ்டுக்கு முன்கூட்டியே போட்டு வைக்கிற தரவு). ஷார்டை விடச் சொன்னா மட்டும் ஏத்துக்க மாட்டேன்.

ஐந்துரோடு: கன்டெய்னரை ஓட்டுற டாக்கர்ல குரோமியம் பிரவுசர்னா ஐபிசி-ஹோஸ்ட்டும் (மெஷினோட பகிர்வு மெமரியையே பயன்படுத்த விடுற அமைப்பு) கொடுங்க. கன்டெய்னருக்குள்ள பகிர்வு மெமரி வழக்கமா 64 எம்பிதான். அது நிறைஞ்சா டேப் நடுவுலயே செத்துடும், பழி டெஸ்ட் மேல விழும்.